கடுகின் வயது

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. தொண்டைக்கட்டு என்று எழுதியிருந்தாயே, விட்டுவிட்டதா? ஊருக்கெல்லாம் மருந்து கலக்கிக் கொடுக்கிறவன் தனக்கு ஒரு மடக்குக் கலந்துகொள்ள மாட்டானா? இங்கே நான் சுகம், பிள்ளைகளில் பெரியவனும் சுகம். கடுகும் சுகம். பிள்ளைகளின் அப்பாவை, உன் மாமாவைத்தான் சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

இருபது வருஷம் மில்லில் பஞ்சு சீவுகிற கார்டிங்கில் தூசியைத் தின்ற நெஞ்சு. முன்பெல்லாம் மூச்சுக்கு நடுவில் இருமல் வரும். இப்போது இருமலுக்கு நடுவில் மூச்சு வருகிறது. போன மாதம் மிஷின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மறுநாள் மேஸ்திரி அவர் பெயரை அடித்துவிட்டான்.

அதோடு போனால் பரவாயில்லை. நாங்கள் இருப்பது மில்காரர்கள் தொழிலாளிகளுக்குக் கட்டிய லைன் வீடு. வீட்டுக்கு மூன்று பேர் மில்லுக்கு வரவேண்டும் என்பது சட்டம். இப்போது நானும் பெரியவனும் இரண்டு பேர். மேஸ்திரி வாசலில் நின்று, உள்ளே இருமுகிறவர் காதில் விழட்டும் என்றே சொன்னான்: "சட்டம் நான் போட்டதில்லம்மா. வீட்டுக்கு மூணு கை. மாசக் கடைசிக்குள்ள மூணாவது கை வரலைன்னா சாவியக் குடுத்துடுங்க."

மூணாவது கைக்கு நான் எங்கே போவேன்? கடுகு இருக்கிறாள். போன மாதம் ஒன்பது முடிந்தது. ஆள்தான் சின்னது, வாய் சின்னதில்லை. கடுகு என்று பேர் வைத்ததே நீதான். பன்னிரண்டு ஆகாத பிள்ளையை மில்லில் சேர்க்கக் கூடாதாம். டாக்டர் சர்டிபிகேட் இருந்தால் சேர்த்துக்கொள்வார்களாம். எந்த ஊர் டாக்டர் என்று யாரும் கேட்பதில்லை என்று மேஸ்திரியே சொன்னான்.

அந்தக் காகிதம் உன் கையால்தானே எழுதப்படுகிறது, தம்பி? சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். தொண்டை சரியாகிவிட்டது. மாமாவை இரண்டு வேளை ஆவி பிடிக்கச் சொல். சளியில் ரத்தம் வந்தால் மறைக்காமல் எழுது.

உன் கடிதத்தைப் பத்து நாளாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். கம்பவுண்டர் வேலை என்றால் மருந்து கலக்குவது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். மருந்து கலக்குவது பிற்பகலில். காலை முழுவதும் எனக்கு வேலை பல் எண்ணுவது.

ஆஸ்பத்திரி வாசலில் மில் சீட்டுக்காக வரிசையாகப் பிள்ளைகள் நிற்கும். சுவரில் அளவுகோல் வரைந்திருக்கிறோம். நாலடி மூன்று அங்குலம் இருந்தால் தேறியது. குதிகாலைத் தூக்காத பிள்ளையை நான் இதுவரை பார்த்ததில்லை. கொண்டையை உயர்த்திக் கட்டி அனுப்புகிற அம்மாக்களும் உண்டு. பிறகு வாயைத் திறக்கச் சொல்வேன். பன்னிரண்டு வயதில் இரண்டாவது கடைவாய்ப்பல் முளைக்கும். முளைத்திருந்தால் பன்னிரண்டு என்று எழுதுவேன். முளைக்காவிட்டால், 'ஈறு தடித்திருக்கிறது, பல் வெளிவரும் தருணம்' என்று எழுதுவேன். அதற்கும் பன்னிரண்டுதான். டாக்டர் திங்கட்கிழமை வந்து நூற்றைம்பது வெற்றுப் படிவங்களில் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போய்விடுவார். "நீதான் பாக்குறியே, நான் வேற எதுக்குப் பாக்கணும்?" என்பார்.

ஒரு விஷயம் யாருக்கும் சொன்னதில்லை. பல் முளைக்காத பிள்ளைக்குச் சீட்டு எழுதினால், பதிவேட்டில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன். ஏன் வைக்கிறேன் என்று கேட்காதே. எனக்கே தெரியாது.

இத்துடன் காகிதம் இருக்கிறது. வயது பன்னிரண்டு, உயரம் நாலடி மூன்றரை அங்குலம், கடைவாய்ப்பல் நான்கும் முளைத்தவை. முகம் தெரியாத எத்தனையோ பிள்ளைக்கு எழுதிய கை, அக்கா பெண்ணுக்கு மட்டும் மாட்டேன் என்றால் அது நியாயமாகவும் இல்லை, யோக்கியமாகவும் இல்லை. அவளுக்கும் ஒரு புள்ளி வைத்தேன்.

கடுகுக்கு என் முத்தம். பெரியவனை விசாரித்ததாகச் சொல்.

அன்புள்ள தம்பி


பிப்ரவரி 14

அன்புள்ள தம்பிக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். காகிதம் வந்த அன்றே மேஸ்திரியிடம் கொடுத்தேன். அவன் அதைப் பார்த்தான், இவளைப் பார்த்தான், சிரித்தான். "நல்லா வளர்ந்த பொண்ணு" என்று சொல்லிவிட்டுப் பெயரை எழுதிக்கொண்டான். வீடு தங்கியது.

கடுகுக்கு ஸ்பின்னிங்கில் வேலை. நூல் நிறைந்த பாபினைக் கழற்றிக் காலி பாபினைச் சொருகவேண்டும். மிஷினுக்கு அடியில் சேருகிற பஞ்சைக் கூட்டி அள்ளவேண்டும். பெரியவர்கள் குனிந்தால் முதுகு முட்டுகிற இடத்தில் இவள் நிமிர்ந்தே போய்விடுகிறாள். முதல் நாள் வீட்டுக்கு வந்து, தலையெல்லாம் பஞ்சாக, "அம்மா, எனக்கு நரச்சுப் போச்சு" என்றாள். மாமாகூடச் சிரித்தார். இரண்டாம் வாரத்திலிருந்து பேச்சு குறைந்துவிட்டது. வாயில் வைத்த கவளத்தை மெல்லாமலே தூங்கிவிடுகிறாள். விரலை விட்டு எடுத்துப் போடுகிறேன்.

போன புதன்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். அவர் வருவது முதல் நாளே எல்லோருக்கும் தெரியும். சின்னப் பிள்ளைகளைக் கழிவுப் பஞ்சுத் தொட்டியில் உட்காரவைத்து மேலே சாக்கைப் போட்டு மூடினார்கள். காகிதம் இருந்தும் இவளையும் மூடினார்கள். அவ்வளவு நம்பிக்கை உன் காகிதத்தின்மேல். இவள் ஒளிந்து விளையாடுவது என்று நினைத்து உள்ளேயே தூங்கிவிட்டாள். இன்ஸ்பெக்டர் போய் ஒரு மணி நேரம் கழித்துத்தான் ஆளைக் காணோம் என்று தேடினோம்.

தினமும் ஒரு கேள்வி கேட்கிறாள். "மாமா எழுதின பல்லு எப்பம்மா மொளைக்கும்?" நீயே பதில் எழுதிவிடு.

உன் அக்கா


மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு சௌக்கியம். உங்கள் நால்வரின் சௌக்கியத்துக்கும் உடனே எழுது. கடுகிடம் சொல்: பல் வரும், அவசரப்படக் கூடாது.

இங்கே காற்று மாறி அடிக்கிறது. மில்களில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பற்றி விசாரிக்க ஒரு கமிட்டி போட்டிருக்கிறார்கள். ஊர் ஊராகப் போய்ச் சாட்சி கேட்கப் போகிறார்களாம். அவர்களுக்கு ஆதாரம் திரட்டிக் கொடுக்கிறவர் ஒரு டீச்சரம்மா. முப்பது வருஷம் மில்காரர்கள் பள்ளியில் பாடம் சொன்னவராம். அரை நாள் மில், அரை நாள் பள்ளி என்று வந்த பிள்ளைகள் பெஞ்சில் தூங்கி விழுந்ததைத்தான் முப்பது வருஷமும் பார்த்தேன் என்கிறார்.

ஐந்து நாளாக எங்கள் வாசலில் வந்து உட்காருகிறார். யாரோடும் பேசுவதில்லை. உள்ளே போகிற பிள்ளை எத்தனை, சீட்டோடு வெளியே வருகிற பிள்ளை எத்தனை என்று எழுதிக்கொள்கிறார். நேற்று கிளம்பும்போது மட்டும் என்னிடம், "தம்பி, அஞ்சு நாள்ல நூத்திப் பத்து போச்சு, நூத்திப் பத்தும் வந்துது. ஒரு புள்ளைக்குக்கூடவா இந்த ஊர்ல பதினொரு வயசு இல்ல?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன்.

மிஷின் ஓடும்போது கடுகை அடியில் போகவிடாதே, அக்கா. நிறுத்தித்தான் கூட்டவேண்டும் என்று விதி இருக்கிறது. அவளை இரண்டு வரி எழுதச் சொல்லி அடுத்த கடிதத்தில் வை.

அன்புள்ள தம்பி


ஏப்ரல் 11

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். உன் சுகத்துக்கு எழுது. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, வேலை.

மாமாவுக்கு இப்போது பரவாயில்லை. பெரியவனை மேலே ஒரு படி ஏற்றியிருக்கிறார்கள். கூரையில் ஒழுகிய இடத்துக்கு மில்லிலிருந்தே ஆள் அனுப்பி ஓடு மாற்றிக் கொடுத்தார்கள். மானேஜர் ஒருநாள் நேரில் வந்தார். மாமா எழுந்திருக்கப் பார்த்தபோது தோளைத் தொட்டு உட்காரச் சொன்னார். இனிமேல் வீட்டுக்கு மூன்று கை என்ற பேச்சு எங்களுக்குக் கிடையாதாம். இருக்கிறவரை இருக்கலாமாம்.

லீவு கிடைத்தால் வருகிறேன் என்று முன்னே எழுதியிருந்தாய். இப்போது வரவேண்டாம். வெயில் அதிகம், வீடும் சின்னது.

அக்கா


ஏப்ரல் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் இல்லை, மன்னித்துக்கொள்.

உன் மில்லிலிருந்து எங்கள் டாக்டருக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. மார்ச் 24 என்று தேதி. ஒரு மாதமாக அவர் மேஜையில் கிடந்து, இன்றுதான் என் கைக்கு வந்தது. 'எங்கள் தொழிலாளியான, வயது பன்னிரண்டு நிரம்பிய பெண், உத்தரவை மீறி ஓடும் மிஷினுக்கு அடியில் சென்றதால் காயமடைந்திருக்கிறார். இவருடைய வயதுச் சான்று தங்களால் வழங்கப்பட்டதே என உறுதி செய்யவும்.' கூடவே என் எழுத்தில் என் காகிதம்.

மூன்று தரம் படித்தேன். பிறகு உன் ஏப்ரல் கடிதத்தை எடுத்துப் படித்தேன். ஓடு மாற்றினார்கள் என்று எழுதியிருக்கிறாய். மானேஜர் வந்தார் என்று எழுதியிருக்கிறாய். கடுகு என்ற சொல்லே அதில் இல்லை.

என்ன ஆயிற்று? உண்மையை எழுது. உறுதிக் கடிதத்தை இன்னும் அனுப்பவில்லை. நான் கிளம்பி வரட்டுமா?

தம்பி


மே 9

அன்புள்ள தம்பிக்கு,

வராதே. காகிதம் எழுதியவன் எனக்குத் தம்பி என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் குடி கெடும்.

நடந்ததைச் சொல்கிறேன். மார்ச் 19, வியாழக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. மிஷினை நிறுத்திக் கூட்டவேண்டும் என்று எழுதினாயே, இங்கே எந்த மிஷினையும் நிறுத்தி யாரும் கூட்டினது கிடையாது. நின்றால் நூல் குறையும், நூல் குறைந்தால் மேஸ்திரிக்கு ஏச்சு. கடைசி மிஷினில் பல்சக்கரத்துக்கு மூடி கிடையாது. கழற்றி வைத்தது, மாட்டவில்லை. அவள் போட்டிருந்தது பெரியவனின் பழைய சட்டை. கையை மடித்துத்தான் விட்டிருந்தேன், தம்பி. மடிப்பு அவிழ்ந்திருக்கிறது.

நான் நூலைச் சிட்டமாகச் சுற்றுகிற ரீலிங்கில் இருந்தேன். நடுவில் ஒரு சுவர்தான். மில்லில் எந்தச் சத்தமும் தனியாகக் கேட்காது, எல்லாம் ஒரே இரைச்சல். திடீரென்று அந்தப் பக்க இரைச்சல் நின்றது. நின்றதுமே ஓடினேன்.

வலது கை. முழங்கைக்குக் கீழே ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். நினைவு வந்ததும் முதலில் சொன்னது, "மேஸ்திரி திட்டுவாரா?" என்றுதான்.

இப்போது தேவலை. வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள். இடது கையால் சாப்பிடப் பழகிவிட்டாள். சிந்தினால் அவளே சிரிக்கிறாள். நீ வரவில்லையா என்று கேட்டாள். வேலை அதிகம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

'போகாதே என்று சொல்லியும் போனாள்' என்று ஒரு காகிதத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். போட்டேன். அதனால்தான் ஓடு, அதனால்தான் மானேஜர். திட்டுவதென்றால் திட்டிக்கொள். நோயாளிப் புருஷனை வைத்துக்கொண்டு தெருவில் நிற்க என்னால் முடியாது. பொய் வயது சொன்ன தாய்க்கும் தண்டனை உண்டாம்; மானேஜர் அதையும் பக்குவமாகச் சொன்னார்.

உறுதிக் கடிதத்தை அனுப்பிவிடு. தலைக்கு மேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன.

உன் அக்கா


ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நீ, மாமா, பெரியவன், கடுகு எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? கடுகின் தையல் காய்ந்துவிட்டதா? புண்ணில் நீர் கசிந்தால் கொதித்து ஆறிய தண்ணீரில்தான் கழுவவேண்டும். தெருவோரத் தையல்காரரிடம் அவளுக்கு ஒரு சட்டை தைக்கச் சொல்லி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பட்டன் எல்லாம் முன்பக்கம், பெரியது. இடது கையாலேயே போட்டுக்கொள்ளலாம். எந்தப் பிள்ளைக்கு இப்படி என்று அவர் கேட்டார். காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

உறுதிக் கடிதம் போய்விட்டது, அக்கா. நான் அனுப்பவில்லை. டாக்டரே எழுதி அனுப்பிவிட்டார். அதற்கு அப்புறம்தான் புரிந்தது. அவள் வயது ஒன்பது என்றால் மில் குற்றவாளி. பன்னிரண்டு என்றால் அவளே குற்றவாளி, உத்தரவை மீறிய தொழிலாளி. மில்லைக் காப்பாற்றி நிற்பது அவர்கள் பணமோ வக்கீலோ இல்லை, என் கையெழுத்து.

டீச்சரம்மா வீட்டைத் தேடிப் போனேன். பதிவேட்டைக் கொண்டுபோய்ப் புள்ளிகளைக் காட்டினேன். நான்கு வருஷத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு. அவர் ஒவ்வொரு பக்கமாக, விரலை வைத்து, எல்லாவற்றையும் பார்த்தார். முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பிறகு, "வெளிய சொன்னா ஜெயில்னு தெரியும்ல?" என்றார். தெரியும் என்றேன். "யாருக்காகவாவது பயப்படுறீங்களா?" என்றார். என் அக்காவுக்காக என்றேன்.

ஜூலையில் கமிட்டி எங்கள் ஊரில் உட்காருகிறது. நான் பேசலாம் என்றிருக்கிறேன். நீ சரி என்று ஒரு வார்த்தை எழுது.

அன்புள்ள தம்பி


ஜூன் 10

தம்பிக்கு,

எழுதமாட்டேன்.

நீ பேசினால் உன் மனசு ஆறும். எங்கள் அடுப்பு அணையும். எட்டு வயதில் நீ சிலேட்டைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போனாய். அந்தச் செலவுக்கு நான் கூடை தூக்கினேன், அப்போது எனக்குப் பத்து. என் பல்லை யாரும் எண்ணவில்லை. எண்ணியிருந்தால் நீ கம்பவுண்டர் ஆகியிருக்கமாட்டாய். இதை இத்தனை வருஷம் சொல்லிக்காட்டியது கிடையாது, இன்று சொல்லவைத்துவிட்டாய்.

கமிட்டிக்காரர்கள் வந்து போவார்கள். மேஸ்திரி இங்கேயே இருப்பான்.

பேசினாயானால் எனக்குத் தம்பி இல்லை. இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.


ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நீ இதைப் பிரிக்காமல் அடுப்பில் போடலாம். ஆனாலும் எழுதுகிறேன். அங்கே எல்லோரும் நலமா? கடுகு நலமா?

ஜூலை 22 அன்று பேசிவிட்டேன்.

ஒரு பழைய நீதிமன்றக் கூடம். மேடையில் ஐந்து பேர். ஒரு பக்கம் மில்களின் வக்கீல்கள், அவர்களோடு எங்கள் டாக்டர். பதிவேட்டை மேஜைமேல் வைத்தேன். புள்ளி என்றால் என்ன என்று கேட்டார்கள், சொன்னேன். டாக்டரின் கையெழுத்து மட்டும் உள்ள வெற்றுப் படிவங்கள் முப்பத்தெட்டு வைத்தேன். டாக்டர் தன் குடையின் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய்ச் சீட்டால் ஒரு பிள்ளைக்கு நேர்ந்த தீங்கு ஏதாவது உனக்கு நேரடியாகத் தெரியுமா என்று தலைவர் கேட்டார்.

சொன்னேன். ஒன்பது வயதுப் பெண். பன்னிரண்டு என்று நான் எழுதினேன். மூடியில்லாத சக்கரத்தில் வலது கை போயிற்று என்றேன்.

"அந்தப் பொண்ணுக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார்.

"என் அக்கா மக. நான் தாய்மாமன்" என்றேன்.

உங்கள் மில் வக்கீலைக் குறுக்கு விசாரணை செய்யச் சொன்னார்கள். அவர் எழுந்தார், கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார், கேள்வி இல்லை என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அக்கா, அப்போது ஜெயித்துவிட்டது போல எனக்கு இருந்தது.

மறுநாள் வேலை போயிற்று. பொய்ச் சான்று எழுதியதற்கு என்மேல் வழக்கு வந்திருக்கிறது. டாக்டர்மேலும் உண்டு, ஆனால் அவருக்கு வக்கீல் இருக்கிறார். உனக்கு என்ன செய்தார்கள்? வீடு என்ன ஆயிற்று? ஒரு வரி எழுது. என்னைத் திட்டியாவது எழுது.

தம்பி


அக்டோபர் 18

அன்புள்ள அக்காவுக்கு,

ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் போட்ட இரண்டு கடிதமும் 'இந்த விலாசத்தில் இல்லை' என்று திரும்பி வந்துவிட்டன. அதனால் இதை டீச்சரம்மா கையில் கொடுத்தனுப்புகிறேன். உங்களைத் தேடிக் கண்டுபிடிக்காமல் திரும்பமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார்.

திங்கட்கிழமை உள்ளே போகிறேன். ஆறு மாதம். டாக்டரை எச்சரித்து விட்டுவிட்டார்கள். எனக்கு வருத்தமில்லை, பொய் எழுதியது என் கைதான்.

கமிட்டி அறிக்கை வரப்போகிறது. பல்லை மட்டும் பார்த்து வயது எழுதக் கூடாது, பிறப்புப் பதிவு வேண்டும். ஓடும் மிஷினை எந்தப் பிள்ளையும் துடைக்கக் கூடாது. வயது குறைந்த பிள்ளையை வைத்தால் தண்டனை தாய் தகப்பனுக்கு இல்லை, முதலாளிக்கு என்று எழுதப் போகிறார்களாம். மில்காரர்கள் எதிர்க்கிறார்கள். இன்னொரு தரம் உட்கார்ந்து தாய்மார்களைக் கேட்பார்களாம்.

மாமாவின் நெஞ்சைப் பார்த்துக்கொள். கடுகு அந்தச் சட்டையைப் போட்டுக்கொள்கிறாளா? அளவு சரியாக இருக்கிறதா? அவள் உயரத்தை நான் குத்துமதிப்பாகத்தான் சொன்னேன்.

தம்பி


ஜனவரி 7

அன்புள்ள தம்பிக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? அங்கே விரித்துப் படுக்க ஏதாவது கொடுக்கிறார்களா? எனக்குக் காய்ச்சல் வந்து போயிற்று, இப்போது சுகம். மாமா படுத்த படுக்கை. பெரியவன் மரக்கிடங்கில் சுமை தூக்குகிறான். அந்தக் கிடங்குக்குப் பின்னால் ஒரு அறையில் இருக்கிறோம். நீ பேசிய மூன்றாம் நாள் லைன் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். பாத்திரத்தை அவர்களே வெளியே வைத்தார்கள். டீச்சரம்மா தேடிக்கொண்டு வர நவம்பர் ஆகிவிட்டது. உன் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு இத்தனை நாள் பதில் எழுதவில்லை. எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

தம்பி, கடுகு இல்லை.

போன மார்ச் 31 அன்றே போய்விட்டாள். கை எடுத்தபிறகு நன்றாகத்தான் இருந்தாள். பதினோராம் நாள் கழுத்து வலிக்கிறது என்றாள். மத்தியானத்துக்குள் தாடை பூட்டிக்கொண்டது. உனக்குத் தெரிந்திருக்கும் அது என்ன நோய் என்று, ரணஜன்னி. ஸ்பூனால் நெம்பித் தண்ணீர் விட்டுப் பார்த்தோம், உள்ளே போகவில்லை. மறுநாள் விடியும்போது முடிந்துவிட்டது.

வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள் என்று எழுதினேன். இடது கையால் சாப்பிடுகிறாள் என்று எழுதினேன். லைன் வீட்டு விளக்கு வெளிச்சத்தில், ஒவ்வொரு வரியாக யோசித்து எழுதினேன். செத்தாள் என்று எழுதினால் நீ அடுத்த வண்டியில் வந்துவிடுவாய், வந்தால் சும்மா இருக்கமாட்டாய், வீடு போகும். அதுதான் காரணம். அது மட்டும்தான் காரணம் என்று சொன்னால் அதுவும் பொய். அக்கம்பக்கத்தில் அவள் பேரை எடுக்கவே எல்லோரும் பயந்தார்கள். நீ ஒருத்தன்தான் சாப்பிட்டாளா, தையல் காய்ந்ததா, சட்டை சரியாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். அதைப் படிக்கும் நேரத்துக்கு அவள் உள்ளே எங்கேயோ தூங்குகிற மாதிரி இருக்கும்.

அந்தச் சட்டையை எதிர் வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்தேன். பட்டன் முன்னால் இருப்பது நல்லது என்று அந்தப் பிள்ளை சொன்னது.

டிசம்பர் 15 அன்று கமிட்டி இங்கே வந்தது. டீச்சரம்மா என்னைக் கூப்பிடவில்லை; வருகிற நாளை மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பெரியவனிடம்கூடச் சொல்லாமல் போனேன். வரிசையில் ஏழாவது ஆள். அதே வக்கீல் இருந்தார். என்னைப் பார்த்ததும் தலைவரிடம் போய்க் குனிந்து ஏதோ சொன்னார். என் முறை வந்ததும் தலைவர், "பொய்யான வயசு சொல்லி வேலைக்குச் சேத்தது நீங்கதான்னு ஒத்துக்குறீங்களா? அதுக்குத் தண்டனை உண்டுன்னு தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும்யா. வாங்கியாச்சு" என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பஞ்சுத் தொட்டி, மூடி இல்லாத சக்கரம், நான் கையெழுத்துப் போட்ட காகிதம், தாடை. அவர்கள் ஏட்டில் உன் சாட்சிப்படி 'வலது கை இழந்த சிறுமி' என்று இருந்ததாம். அதை அடித்துவிட்டு எழுதினார்கள். வயது என்று கேட்டபோது, ஒன்பது வயதும் மூன்று மாதமும் என்றேன். எழுதிக்கொண்டவர் பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து எடுத்தார். வக்கீலுக்கு அன்றும் கேள்வி இல்லை.

மில்லில் இப்போது சின்னப் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள், நூற்றுப் பதினேழு பேரை. நல்லது என்று நினைப்பாய். அதில் பாதிப் பேரை நான் தினமும் பார்க்கிறேன். ஊருக்கு வெளியே செங்கல் சூளையில் கல் சுமக்கிறார்கள். சூளைக்கு அந்தச் சட்டம் இல்லையாம். டீச்சரம்மா இப்போது சூளை வாசலில் போய் உட்காருகிறார். கூலி வேலை முடித்து வருகிற நாட்களில் நானும் பக்கத்தில் உட்காருகிறேன். எனக்கு எழுதத் தெரிந்திருப்பது அவருக்கு உதவியாக இருக்கிறது.

உன்மேல் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. காகிதம் கேட்டது நான், எழுதியது நீ. அதை யார் எவ்வளவு சுமப்பது என்று நான் இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை.

மாதத்தில் இரண்டாவது செவ்வாய் பார்க்க விடுவார்களாம். பெரியவன் கூட வருகிறான். காலை வண்டிக்குக் கிளம்பினால் பத்து மணிக்கு அங்கே இருப்போம். போர்வை கொண்டுவரலாமா, துணி மட்டும்தான் விடுவார்களா என்று கேட்டு எழுது. அவள் போன அந்த இரண்டு நாளைப் பற்றி நான் இன்னும் யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லவேண்டும், தம்பி. நேரில்.

உன் அக்கா